கறுத்துப்போன ஓரம்

மகர்பட்டாவில் ஒரு கணினி அலுவலகத்தில் எனக்கு அப்போது, ஒரு தொழிற்சாலையின் பழைய ஊழியர் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வேலை. ஜன்னலோரம் எடுத்த படங்கள்; பாதி வெளிச்சம், பாதி நிழல். எவ்வளவு இருட்டுக்கு மேல் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று ஓர் அளவு கொடுக்க வேண்டும்; சலிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கொடுத்தேன். நிழல் விழுந்த ஓரங்கள் கறுத்துப்போயின. பார்த்தும் விட்டுவிட்டேன்.

குடும்ப பென்ஷனுக்கு அலைந்த ஓர் அம்மா, ஊரின் மறுகோடியான கட்கியிலிருந்து, அப்படிக் கறுத்த ஒரு பக்கத்தின் அச்சுத் தாளோடு வந்தார்.

"என் பேரு இந்தக் கறுப்புக்குள்ளதான் இருக்கு, தம்பி."

மூலப்படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கொடுத்தேன். கணவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "வேற யாருக்கும் இப்படி ஆகலையே?"

"இல்லம்மா" என்றேன்.

அந்தப் பொய்யை உண்மையாக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது.