மீன் கடவம் ஏறாத பஸ்

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். எங்கள் ஊருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்தான் ஓடியது. பெட்ரோல் கிடைக்காத காலமானதால் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி. நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். இருபத்திரண்டு வயது. எங்கள் ஊரில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அந்தக் கர்வத்தை மறைத்துக்கொள்ளவும் அப்போது எனக்குத் தெரியாது.

பஸ்ஸை விடியற்காலையில் ஓட வைத்தவர் எங்கள் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர். கட்டுமரங்கள் கரைக்கு வந்து, பெண்கள் மீனைக் கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையில் நிரப்பித் தூக்கிக்கொண்டு வரும்வரை பஸ் காத்து நிற்கும். கடவங்கள் கூரைமேல் ஏறும். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. பஸ் முதலாளியும் பிரசிடெண்டும் பேசிக்கொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். பஸ் வராத அன்று பெண்கள் நேரே கருப்பட்டிக் கடைக்குப் போய் ஏசுவார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஏதாவது ஒரு பொய் சொல்லுவார். ஆனால் மறுநாள் எப்படியோ பஸ் வந்துவிடும்.

எங்கள் தெருவில் நாலாவது வீட்டு மாமியும் அந்த பஸ்ஸில்தான் மீன் கொண்டுபோவாள். மாமாவுக்குச் சங்கு குளித்துக் குளித்துக் காது இரண்டும் போய்விட்டது. நெஞ்சிலும் வலி. அவர் தொழிலுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது; அவருடைய கட்டுமரத்தில் மற்றவர்கள் போய்ப் பங்கு மீன் கொடுத்தார்கள். மாமியின் கடவத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரத்து இடத்தில் தன் முந்தானையைப் போட்டு வைத்திருப்பாள்.

"ஏளா, இங்கன வந்து இரி. நடுவுல இருந்தா சேலை கசங்கிரும்."

நான் உட்காருவேன். மனதுக்குள் கூசும்.

ஒரு நாள் கூரைமேலிருந்த கடவத்திலிருந்து மீன் தண்ணீர் சொட்டி என் தோளில் இறங்கிவிட்டது. பள்ளியில் குழாயடியில் நின்று எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த ஒரு கப்பல் ஏஜெண்டின் மகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். பின்னாலிருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

அது நடந்து பத்து நாள்கூட ஆகாது, பிரசிடெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ் ஓடும் தடத்தையும் நேரத்தையும் அந்தந்த ஊர்க்காரர்கள் யோசனைப்படி விடுவதா, இல்லை மாகாண சர்க்காரே நேராக எடுத்துக்கொள்வதா என்று விசாரிக்க மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம். ஏறி இறங்கும் ஜனங்களிடமும் கேட்பாராம். விசாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது.

"மீன்காரப் பொம்பளையளையும் கூட்டிட்டுப் போறேன். அவுக சொல்லுததை நீங்க இங்கிலீஸ்ல எடுத்துச் சொல்லணும் டீச்சர். ஊருக்கு இந்த உபகாரம் செய்யணும்" என்றார்.

சரி என்றேன்.

விசாரணை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, "உங்கள் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்று இங்கிலீஷில் பாராட்டினார். நான் உச்சி குளிர்ந்துபோனேன்.

மாமி முதலில் வந்தாள். மாதா திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். கைகட்டி நிற்காமல், கடைவாசலில் நிற்பதுபோலவே இடுப்பில் கை வைத்து ஆரம்பித்தாள்.

"பிரசிடெண்டு அண்ணாச்சி வாயத் தொறந்தா பொய்யி. நாளைக்கு வண்டி வருங்காரு, வராது. கேட்டா டயரு வெடிச்சிட்டுங்காரு. அவரு கருப்பட்டி மூட்டைக்கு எடம் போட்ட பொறவுதான் எங்க கடவத்த ஏத்த விடுவாரு."

மூச்சு வாங்க நிறுத்தினாள். நான் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஓரத்தில் நின்ற பிரசிடெண்டுக்கு இங்கிலீஷ் தெரியாது; ஆனால் தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காத ஏச்சு ஒன்றும் இல்லை. அதிகாரி வேகமாக எழுதிக்கொண்டார்.

மாமி தொடர்ந்தாள். "ஆனா ஐயா, அந்த மனுசன் வீடு எனக்குத் தெரியும். வாசல்ல போயி நின்னு ஏசுனா மறுநா வண்டி வந்து நிக்கும். மெட்ராசுல இருக்கவர நான் எங்கன போயி ஏச? கட்டுமரம் எப்பக் கரை புடிக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்? வண்டிய எங்க ஊர்க்காரங்க கையிலயே விட்டுருங்க."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திய அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. சர்க்கார் எடுத்துக்கொண்டால் கடவம் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

"தவறாமல் ஓடுகிற பஸ் வேண்டும் என்கிறார்" என்றேன்.

"வேறு ஏதாவது?"

"இல்லை."

அவர் அதையும் எழுதிக்கொண்டு மாமிக்குக் கும்பிடு போட்டார். மாமி பூரித்துப்போனாள். பின்னால் வந்த பெண்கள், "அவ சொன்னதுதான் எங்களுக்கும்" என்று முடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மாமி அவர்களிடம், "என்னமா பொளந்து கட்டுனா பாத்தியளா! நம்ம தெருப் புள்ள!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம் நல்ல சீலா மீன் நாலு துண்டு கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா குழம்பு வைத்தாள். நான் சாப்பிட்டேன். தொண்டையில் அடைத்தது என்று சொன்னால் பொய். ருசியாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. எங்கள் பஸ்ஸின் நேரமும் நிபந்தனையும் இனி மாகாண அதிகாரி கையில். காலை எட்டு மணிக்குத்தான் பஸ். ஈரச் சாமான், மீன், கருவாடு எதுவும் ஏற்றக்கூடாது. எல்லா ஊர்களும் சேர்ந்து சொன்னதை வைத்துத்தான் அந்த முடிவு வந்திருக்கும்; என் ஒருத்தி வார்த்தையால் வந்ததில்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பெண்கள் கருப்பட்டிக் கடைக்குப் போய் ஏசினார்கள். பிரசிடெண்ட் இரண்டு கையையும் விரித்தார். "என் கையில இப்ப ஒண்ணும் இல்ல தாயி. மெட்ராசுக்குத்தான் எழுதிப் போடணும்." பெண்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. வாடை இல்லை. சேலை கசங்கவில்லை. உப்பளத்து ரோட்டில் பஸ் திரும்பியபோது எதிர் வெயிலில், தலையில் காலிக் கடவத்தோடு மாமி திரும்பி வந்துகொண்டிருந்தாள். இருட்டோடு நடந்து போய் விற்றுவிட்டு வருகிறாள். ஜன்னலில் என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். மறுநாள் நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலத்தில் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, நான் மறைத்ததைப் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "என்னிடம் சொன்னது போதாது மகளே, அந்த அம்மாளிடம் போய்ச் சொல்" என்றார். அதற்கு எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

ஒரு சனிக்கிழமை மாமி வீட்டுக்குப் போனேன். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கைக்குட்டைப் பிள்ளை உட்பட. மாமி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப, நான் அண்ணாச்சிய ஏசுனத மட்டும் சொல்லியிருக்க."

"ஆமா மாமி."

"அவரு நமக்குச் செஞ்சத சொல்லல."

மாமி மறு முழங்காலுக்கு எண்ணெய் எடுத்தாள்.

"நாத்தம் புடிக்கலன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. கடவத்துக்கு அடியில சாக்கு விரிச்சிருப்பேன்" என்றாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றே பிரசிடெண்டிடம் போய் நடந்ததைச் சொல்லி ஒரு மனு எழுதினேன். மாமி சொன்னது முழுவதையும் எழுதி, விசாரணையில் அதை நான்தான் மறைத்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரசிடெண்ட் அதைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "படிச்ச புள்ள..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமலே மனுவை வாங்கிக்கொண்டார். மெட்ராஸிலிருந்து பதில் வந்தது: கவனிக்கப்படும். பிறகும் நாலைந்து தடவை எழுதினேன். அதே பதில்தான், அடியில் கையெழுத்து மட்டும் வேறு வேறு.

சுதந்திரம் வந்து, அதற்கு அடுத்த வருஷம் கோடையில், விடியற்காலையில் ஒரு பஸ் விடவும் கூரையில் கடவம் ஏற்றவும் அனுமதி வந்தது. என் மனுக்களால் வந்ததா, வேறு யாராவது கேட்டு வந்ததா, தெரியாது. அதற்குள் மாமிக்கு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கரையிலேயே வியாபாரியிடம் கிடைத்த விலைக்கு மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் மற்றப் பெண்கள் சிரிப்பும் சத்தமுமாக பஸ் ஏறினார்கள். மாமி கரையில் வலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போய் அந்த பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை. எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் போனேன். அந்தப் பள்ளியில் இருந்த வரைக்கும் எட்டு மணி பஸ்தான்.