வாசலில் ஓர் எண் பாடம்

1. எண் பாடம் தொடங்கியதும் ஐந்து வயது யாழினி வெளியே ஓடுவாள்.
2. நான் இழுத்து வந்து உட்கார வைப்பேன், மறுபடியும் ஓடுவாள்.
3. ஒருநாள் அவள் அம்மா வந்து, "வேற பாலர்பள்ளியில போடலாம்னு இருக்கேன் டீச்சர். இங்க ஒண்ணும் படிக்கல" என்றார்.

நான் மின்னியல் படித்துவிட்டுப் புந்தோங்கில் பாலர்பள்ளி ஆசிரியையானவள். அட்டவணைப்படி நடத்தினால் போதும், பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தேன்.

அன்றும் யாழினி ஓடிவிட்டாள். அவள் அம்மாவும் நானும் தேடிப் போனோம். வாசலில் கிடந்த எல்லாருடைய சிலிப்பர்களையும் சோடி சேர்த்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிலிப்பர் அடுக்கவா ஒன்ன அனுப்புறேன்?" என்று அம்மா அதட்டினார்.

யாழினி நிமிரவே இல்லை. "அம்மா, ஒங்க காலு டீச்சர் கால விட பெருசு லா. கழட்டுங்க, கடைசியில வைக்கணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றிக் கொடுத்தார்.

"மொத்தம் எத்தனை சோடி?" என்று கேட்டேன். ஒவ்வொரு சோடியாகத் தொட்டு, தப்பாமல் எண்ணி முடித்தாள்.

பாடத்தை விட்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் அந்தப் பாடத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை எழுந்து போனால், எதைத் தேடிப் போகிறது என்று முதலில் பார்க்கிறேன்.

யாழினி எங்களிடமே படிக்கிறாள். மூன்றை இன்னும் திருப்பித்தான் எழுதுகிறாள். அம்மா அவசரப்படவில்லை, நானும்தான்.