நேராக நீந்த ஒரு குளம்

நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் தெருவே முடிவுகட்டிய வருஷம் அது. கடலில் நீந்த வேண்டும், கரையேறி சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி ஓட வேண்டும். மூன்றும் ஒரே காலையில். தூத்துக்குடியில் நடக்கவிருந்த அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடமே சொன்னேன்.

"ஏட்டி, சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு கடலுக்கு எங்கன போவே?" என்றார்.

கேள்வி நியாயம்தான். எனக்குக் கோபம்தான் வந்தது.

பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, திருவேங்கடம் ரோட்டில் எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தேன். அந்த ஒல்லி சீட்டை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, மறுநாள் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். சீட்டை மாற்றினேன். புது ஷூ, கடைக்குள் போட்டு நடந்தபோது பஞ்சாக இருந்தது. மழை பெய்த கரிசலில் ஓடியதும், அடியில் இன்னொரு ஷூ முளைத்ததுபோல மண் அப்பிக்கொண்டது. சனியனே என்று கழுவி எடுத்து, இனி தார் ரோடு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நீச்சல் கண்ணாடிதான் லேசில் அமையவில்லை. வாரை மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்தினால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் புகாது. வாங்கியதெல்லாம் பொத்தென்று விழுந்தன. ஒருவழியாக ஒன்று நின்றது. அதை வீட்டுக்காரரும் தன் கண்ணில் ஒட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே போய்ப் பால் வாங்கி வந்தார். பால்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பனவடலிசத்திரம் பக்கம் அம்மா வீட்டுக் கிணற்றில்தான், இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு சின்ன வயதில் நீந்தப் பழகினேன். அங்கேயே கண்ணாடியைப் போட்டு முகத்தை உள்ளே விட்டேன். அம்மாடி! வெயில் பச்சையாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கல் இடுக்குகளில் மீன்கள். இத்தனை வருஷம் கண்ணை இறுக மூடிக்கொண்டு இதற்கு மேலேயா மிதந்தேன்? மூச்சு முட்டும்வரை பார்த்தேன், வெளியே வந்து மறுபடி பார்த்தேன்.

ஆனால் கிணற்றில் பழகியவர்களுக்கு நேராகப் போகத் தெரியாது. நாலு கை போட்டால் சுவர் வரும், திரும்புவோம். சுவரே இல்லாவிட்டாலும் என் உடம்பு இடப்பக்கம் திரும்பியது. கடலில் இப்படிச் சுற்றினால் என் கதி? அதனால், மழைக்கு நிரம்பியிருந்த ஊர்க் குளத்தை ஒருமுறை நேராகக் கடந்து பார்ப்பது, முடியாவிட்டால் பெயரைத் திரும்ப வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அவருக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பழைய கேனை என் இடுப்பில் கயிற்றால் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே நீந்தினால்தான் ஆச்சு என்றார். எதிர்க்கரையில் ஆரஞ்சுத் துண்டோடு நின்றார். அதுதான் எனக்கு அடையாளம்.

இறங்கினேன். கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்த இடத்திலா இவ்வளவு தண்ணீர்! தலையைத் தூக்கும்போதெல்லாம் துண்டு நேர் எதிரே தெரிந்தது. நேராகத்தான் போகிறேன் என்று பூரித்துப் போனேன். ஆனால் கரை வரவே இல்லை. கை கடுத்தது. இந்தக் குளம் என்ன இத்தனை தூரமா?

கரையேறிப் பார்த்தால் எங்கோ ஓரத்து மடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பாதிக் குளத்தைச் சுற்றி வந்திருக்கிறேன்! அவருக்கும் மூச்சு வாங்கியது.

"நீங்க எதுக்கு நடந்தீய? ஒரே இடத்துல நிக்கணும்னு சொன்னேம்லா?"

"நீ கோணிக்கோணிப் போறே. ஏதும் ஒண்ணுன்னா நான் பக்கத்துல இருக்கணும்லா? அதான் நீ போற பக்கமெல்லாம் வந்துட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். நீந்தத் தெரியாத மனுஷன் பக்கத்தில் நின்று என்ன செய்துவிடுவார்? அது அவருக்கும் தெரியும்.

"கடல்ல கூடவே நடந்து வர கரை இருக்காதுங்க," என்றேன்.

அவர் கரையில் நின்ற ஒரு பனையைக் காட்டினார். "சரி. அத விட்டு நகர மாட்டேன். போ."

மூச்சு ஆறியதும், முதலில் இறங்கிய கரைக்கே நடந்து போய் மறுபடி இறங்கினேன். தலையைத் தூக்கினால் துண்டு வலப்பக்கம் தள்ளித் தெரிந்தது. அப்படியானால் நான் கோணிவிட்டேன். திரும்பினேன். மறுபடி கோணினேன், மறுபடி திரும்பினேன். ஆரஞ்சு நிறம் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நடுக்குளத்தில், இந்தக் கையும் காலும் என்னுடையதுதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

கால் தரையில் தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் பனையைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"ஏட்டி," என்றார், "இப்ப கைய விடட்டுமா?"