வாரேனுங்க என்று சொன்ன கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டுதான் போகும். அதை அணைத்தால், திரை இருளும் முன் "வாரேனுங்க" என்று அப்பாவின் குரல் வரும்.

துடியலூரில் அப்பா லேத் ஓட்டிய பட்டறையில் பழைய சாமான்களைக் கழித்தபோது அதை வாங்கி வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அணைக்கும்போது வரும் சத்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அப்பா மைக்கை வாய்க்கருகே பிடித்துப் பேசிப் பதிந்துவிட்டார். திறக்கும்போதும் ஒன்று பேசிவிடச் சொன்னார் மாமா.

"வந்தவன் மூஞ்சிதான் தெரியுதில்ல மாப்ள. போறவந்தான் சொல்லிப்போட்டுப் போகோணும்" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட மாட்டார்கள். வாரேன் என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும் அதையும் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. உள்ளே விளையாடிய குழந்தைகளில் எது எதை அமுக்கியதோ, அறையிலிருந்து அப்பா "வாரேனுங்க" என்றார். வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பயமாக இல்லை. வாரேன் என்றால் வருவார் என்றுதானே அர்த்தம்.

அந்தப் பெட்டியில் மெமரி ரொம்பக் குறைவு. அணைக்கச் சொன்னால் உடனே அணையாது. உள்ளே எதையோ தேடுவதுபோலக் குர்ர் குர்ரென்று உழன்றுகொண்டிருக்கும். நாங்கள் எழுந்து போய் வேறு வேலையில் இருப்போம். அதை மறந்தே போன பிறகு, விட்டு விட்டு, இழுத்து இழுத்து "வா...ரேனுங்க" என்று கேட்கும். அம்மா அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே "செரிங்க" என்பாள்.

முதல் முறை அதைக் கேட்ட மாமா வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டில் வைத்துவிட்டார். "ஆருக்குங்கக்கா சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?" என்றாள் அம்மா.

அக்கா பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் வினை ஆரம்பித்தது. அங்கே பாடத்தையெல்லாம் நெட்டில் போடுவார்கள். எங்கள் பெட்டியில் அந்தப் பக்கமே திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பெட்டியைப் பிரித்தார். பெரிய மெமரி ஒன்றைச் செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது.

"இந்த போர்டுக்கு ரெண்டு ஜிபிதான் எல்லையிங்கக்கா. அதுக்கு மேல குடுத்தா வாங்கிக்காது."

அவர் ரெண்டு ஜிபியே போட்டார். பெட்டி துடிப்பாகிவிட்டது. சோதித்துப் பார்க்க அணைத்தார். விரலை எடுக்கும் முன்னே, வெடுக்கென்று, "வாரேனுங்க."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அடிபட்ட அன்னைக்குக் காத்தாலயும் அவரு இப்பிடித்தான் வெடுக்குனு சொல்லிப்போட்டுப் போனாரு. பழசயே மாட்டிப்போடு."

"மெமரி மட்டுமில்லீங்கக்கா, உள்ள இருக்கற விண்டோஸும் பழசு. அதையும் மாத்துனாத்தான் அந்தப் பக்கம் தொறக்கும். புதுசு போட்டா இந்த மெமரில நொண்டும். விண்டோஸுக்குப் பதிலாப் போடற லினக்ஸ்னு ஒண்ணு இருக்குது, லேசா ஓடும். ஆனா போறப்பச் சத்தம் வராது. மச்சான் கொரலத் தனியா பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தர்றேன். வேணுங்கறப்பப் போட்டுக் கேட்டுக்குங்க."

"நாம போட்டாப் பேசறதுக்கு அவரென்ன ரேடியோவா? அவராச் சொல்றது வேற."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "செத்தவரு பேசோணுங்கறதுக்காக, உசுரோட இருக்கறவ படிக்காமப் போறதாம்மா?"

அம்மா பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே இருந்த டிஸ்கை இரண்டாகப் பிரித்து, பழையதை அப்படியே வைத்துப் பக்கத்தில் லினக்ஸைப் போட்டார். ரெண்டு ஜிபியும் இருக்கட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பெட்டியைப் போட்டால் முதலில் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். மேல் வரி அக்காவின் படிப்பு. கீழ் வரி அப்பா.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கீழே போகும் அம்புக்குறியை ஒரு தடவை அமுக்கி என்டர் தட்ட மட்டும் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து அதைப் போடுவாள். நீலத் திரை வந்ததும் அணைத்துவிடுவாள். அணைப்பதற்காகவே போடுவாள். வெடுக்கென்று வரும் குரலுக்குத் தானும் வெடுக்கென்று பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் லினக்ஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, நடுவில் இன்னொரு வரியை நுழைத்துவிட்டது. அப்பா ஒரு படி கீழே இறங்கிவிட்டார். அம்மா வழக்கம்போல ஒரே ஒரு தடவைதான் அமுக்கினாள். நீலத்துக்குப் பதிலாக லினக்ஸின் பச்சைத் திரை வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அணைத்தாள். திரை இருண்டது. உள்ளே சுற்றிய காற்றாடியும் நின்றுவிட்டது. குரல் வரவில்லை.

"செரிங்க" என்றாள் அம்மா.

என் கை நின்றுவிட்டது. "அம்மா, அப்பா ஒண்ணுஞ் சொல்லலியே."

"சொன்னாரே கண்ணு. உனக்குக் கேக்கலியா?"

அவள் விளையாடவில்லை. முகம் எப்போதும்போல இருந்தது. இருண்ட கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அந்த வீட்டில் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். கூடவே கோபமும் வந்தது. அப்பா இனிமேல் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்வார் போலிருக்கிறது, எனக்குக் கேட்காதபடி.

மாமா வந்து வரியைச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் அம்மா அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. அக்கா படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனாள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டேன். பெட்டி கெட்டுப்போய் மூலைக்குப் போனது. சாயங்காலம் அடுப்படியில் மட்டும் அவ்வப்போது ஒரு "செரிங்க" கேட்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வேன்.

போன மாதம் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து எல்லோரும் பேசாமல் எழுந்து போனார்கள். மாமா போனார். கடைசியாக அக்காவும் என் கையைப் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார் ஏறினாள். நான் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

"செரிம்மா" என்றேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்தான் பதில் சொல்வார்கள் என்று வீட்டுப்பாடம் எழுதிய வயதில் நினைத்திருந்தேன்.