வேகம் பார்த்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்த அங்கிள், இடுப்பில் அயர்ன் பண்ணிய சாரத்தோடுதான் கதவைத் திறப்பார். மகள் கனடாவிலிருந்து வீடியோவில் அழைத்தால், ஆன்ரி கதைத்து முடியும்வரை பக்கத்திலிருந்து தன் போனில் இன்டர்நெட் ஸ்பீட் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு, மகள் அழைத்திருந்த நேரம், என்னையும் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும் தம்பி, டெஸ்ட்டில ஸ்பீட் திறமாக் காட்டுது. பிறகேன் பிள்ளை இடைக்கிடை நிண்டு போறாள்?"

மறுபடி அழுத்தினார். ஆன்ரியின் டேப்லெட்டில் மகளின் முகம் அப்படியே உறைந்தது. டெஸ்ட் முடிந்ததும் அசைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், டெஸ்ட் சரியாத்தான் காட்டுது. ஆனா அளக்கிற நேரம் முழு லைனையும் அதுதானே இழுக்குது!"

அவர் முகம் கறுத்தது. "அப்ப இவ்வளவு நாளும் நானே பிள்ளையைக் கதைக்க விடேல்லையோ?"

போனைக் கவிழ்த்து வைத்தார். ஆன்ரி டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"அப்பா, கேக்குதா?"

"ஓம் பிள்ளை, வடிவாக் கேக்குது."

அதற்குமேல் என்ன கதைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சாரத்தின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். மகள் வீடியோவில் வரும் நேரத்தில் அவருக்கென்றிருந்த ஒரே வேலையை நான் சிரித்துச் சிரித்துப் பறித்திருந்தேன்.