நேராக நிற்கும் முள்

கண்ணாடியைக் கழற்றித் தலையில் செருகிக்கொண்டு, கூடத்தின் கடைசிச் சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போகிறாள் என் இரண்டாவது தம்பியின் மகள். மேசைமேல் கணினி திறந்திருக்கிறது. திரையில் ஆறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு என் முகமும் தண்ணீர்ப் பானையும் ஒன்றுதான்.

"மங்கலாத் தெரியறப்பவே எது சரியில்லன்னு தெரியணும் அத்தை. எண்ணப் படிச்சு யோசிக்கிறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஆலைகளில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள் பார்க்கும் திரைக்கு மீட்டர் வரைவது அவள் பிழைப்பு. சூடு, அழுத்தம், தண்ணீர் மட்டம் எல்லாம் எண்ணாக வந்து விழும். அவள் அவற்றை முள்ளாகவும் கோடாகவும் ஆக்கிக் காட்டுவாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஆறு முள்ளும் நட்டுக்குத்தலாக நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, எதை வரைந்தாலும் முதலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

வீட்டில் அவளுக்கு முள்ளு என்றே பெயர். "எப்படிடி இருக்கே?" என்றால் வாய் திறக்க மாட்டாள், ஆள்காட்டி விரலை நேராக நிறுத்துவாள். எரிச்சல் என்றால் விரல் வலப்பக்கம் சாயும். மாப்பிள்ளை சொல்ல வந்த என் ஓரகத்தியின் அண்ணன் முன்னால் அது முழுசாகப் படுத்தேவிட்டது. மனிதர் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை, அவள் மீட்டர் வரைந்து கொடுத்திருந்த சோப்பு ஆலையின் பாய்லர்க்காரர் போன் செய்தார். பாய்லர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், எனக்கும் கேட்டது.

"பாப்பா, இன்னிக்கும் பாய்லர நிறுத்திட்டேன். இதோட நாலு தடவ. எனக்கு வேலையே தெரியலயாம். திங்கக்கிழமையிலேர்ந்து மூட்டை ஏத்தப் போன்னுட்டார் மேனேஜர்."

"முள்ளு சாஞ்சுச்சாண்ணே?"

"அது நேராத்தான் நின்னுச்சு. பக்கத்துல உன் கோடு மலை மாதிரி ஏறுச்சே! அப்ப முள்ள எவன் பாப்பான்? பழைய மீட்டர்னா ரெண்டு தட்டு தட்டிப் பாக்கலாம். இந்தக் கோட்ட எங்க தட்டறது?"

போனை வைத்துவிட்டு அந்தக் கோட்டைத் திரையில் வரவழைத்தாள்.

"பாத்தா என்ன தோணுது அத்தை?"

"என்னமோ வெடிக்கப் போவுது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணுமே இல்ல. அழுத்தம் பத்துலேர்ந்து பத்தேகால் ஆச்சு, அவ்வளவுதான். கோட்டுக்கு அடியும் உச்சியும் நான் கட்டி வைக்கல. அது தன் இஷ்டத்துக்கு விரிஞ்சு துளிய மலையாக் காட்டியிருக்கு. யாரா இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வாங்க."

உடனே மேனேஜரை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டாள். "சார், தப்பு அண்ணன் மேல இல்ல. நான் வரைஞ்சதுல."

"அப்ப அடுத்த பாய்லர் வேலைய உன்ன நம்பி எப்படிம்மா குடுக்கறது?"

அந்த வேலைக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தாள்.

"வேற ஆளுக்குக் குடுங்க சார். அண்ணன மட்டும் மூட்டை தூக்க அனுப்பாதீங்க."

"பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவள் மறுநாளே புதிதாக வரைந்தாள். அடியில் சுழியம், உச்சியில் பதினாறு, இரண்டையும் அசையாமல் கட்டிவிட்டாள். அதே பத்தேகால் இப்போது படுத்த கோடாகக் கிடந்தது. "சும்மா கெடக்குடி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போய்ப் பழைய கோட்டை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"என் நாற்காலிலதான் பாப்பா இருக்கேன்! கோடு குறட்ட விட்டுத் தூங்குது." குரல் கொஞ்சம் இறங்கியது. "அடுத்த பாய்லருக்கு வேற யாரோ வந்து அளந்துட்டிருக்காங்க."

"இருக்கட்டும்ணே."

என்ன ஆச்சு என்று நான் கண்ணால் கேட்டேன். வலது கை விரல் மெல்ல எழுந்து, நேராக நிற்கப் போய், நூலளவு சாய்ந்தே நின்றது. நான் அதையே பார்ப்பதைக் கண்டதும், இடது கை நகத்தால் இரண்டு தட்டு தட்டி நேராக்கிக்கொண்டாள்.