பன்னிரண்டு நொடிக்கு மூன்று கார்டு

ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஷூ கம்பெனி டிசைனர்கள் வந்தால் பத்தே நிமிடத்தில், திரையில் படத்தைக் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மற்றவர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். ஞானசீலன் சார் இரண்டிலும் சேராதவர். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். நான்கு சனிக்கிழமையாக வந்து என் உயிரை வாங்கினார்.

கையில் ஒரு நோட்டு. அதில் மூன்று கார்டுகளின் பெயர். வேகம், கரண்ட், படம் என்று ஸ்கேலால் கோடு போட்டுப் பிரித்திருந்தார்.

“கோபி, இது எத்தனை வாட் இழுக்கும்? வீட்ல இன்வெர்ட்டர்ல ஓடணும்ப்பா.”

“சின்னது முப்பது சார். பெருசு எரநூறு. அதுக்கு பவர் சப்ளையும் மாத்தணும்.”

“படம் எதுல நல்லா வரும்?”

“இன்னா சார், கேம் ஆடப் போறீங்களா?” எரிச்சலில்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு வீடியோ, பன்னிரண்டு நொடி. வீடு வீடாகப் பாடிப் போகும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் யாரோ பழைய செல்போனில் எடுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு அம்மாள் கைதட்டிப் பாடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது.

“டோரதி. என் ஒய்ஃப். போன வருஷம் போய்ட்டா. கேமரான்னாலே ஓடிடுவா. நடமாடற மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான்ப்பா. மொகம் தெளிவா தெரியணும்.”

அடச்சே, இந்த மனுஷனிடமா இத்தனை நாள் கடுகடுத்தோம் என்று வெட்கமாகிவிட்டது. டீ வரவழைத்தேன். மூன்று கார்டையும் ஒவ்வொன்றாக மாட்டினேன்.

சின்ன கார்டில் அதே கட்டங்கள். நடுவில் உள்ளதில் கொஞ்சம் தேவலை. பெரிய கார்டில் பழைய வீடியோவைச் சுத்தப்படுத்தும் வசதி உண்டு. அதைப் போட்டதும் முகம் பளிச்சென்று வந்தது.

“பாத்தீங்களா சார், இன்னா க்ளியரு!”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

“இது யாருப்பா?”

“உங்க ஒய்ஃப்தானே சார்?” என்றேன்.

“அவ கன்னம் பூரா அம்மைத் தழும்பு. அதுக்கு வெக்கப்பட்டுதான் கேமராவைக் கண்டா ஓடுவா. தன்னை இப்படிப் பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பா! ஆனா எனக்கு இவளைத் தெரியலயே, கோபி.”

“வீடியோல இல்லாததை கார்டே யூகிச்சுப் போடுது சார். நெஜமா அதுல இருக்கறது அந்தக் கட்டம் மட்டுந்தான்.”

நோட்டை மெதுவாக மூடினார்.

“அப்போ எந்தக் கார்டு போட்டாலும், இதுக்கு மேல அவ தெரியமாட்டாளா?”

இந்தக் கடையில் உட்கார்ந்து நான் அளக்காத பொய்யா? அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“மாட்டாங்க சார்” என்றேன்.